கிடா தின்ற பக்கம்

நம்முடைய வாட்ஸப் குழுவில் காலை வணக்கத்தோடு, சீனத்து ஞானி சொன்னதாக ஒரு படம் தினமும் வந்து விழுகிறது. மூங்கில், மலை, நரைத்த தாடி, கீழே அறிவைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ இரண்டு வரி. எல்லோரும் கும்பிடுகிற கையைப் போடுகிறீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடுவதில்லை. ரிட்டயர் ஆனதிலிருந்து இவளுக்குத் திமிர் கூடிவிட்டது என்று உங்களில் யாரோ சொன்னது என் காதுக்கும் வந்தது. திமிரெல்லாம் இல்லை. அந்த ஞானிகளை எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். தெரிந்த நாளிலிருந்து குழப்பம்தான். அதற்குக் காரணம் ஒரு கிடா.

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். வானம் பார்த்த காடு, கிணறு இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தோட்டம். ஊரில் பெரும்பாலும் கத்தோலிக்க வேதக்காரர்கள், நடுவில் அந்தோணியார் கோயில். அந்தக் கோடையில் எனக்குப் புதுநன்மை, அதாவது பூசையில் முதல் முறையாக அப்பம், கொடுப்பதாக இருந்தது. வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. தினமும் சாயங்காலம் கோயிலில் ஞானப்பாடம். சாமியாரிடம் மண்டியிட்டுச் சொல்கிற முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு என்னென்ன பாவம் சொல்வது என்று நாங்கள் பிள்ளைகள் கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் பாவம் கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலம்.

அப்போதுதான் சின்னம்மா எங்கள் வீட்டுக்குப் பரீட்சைக்குப் படிக்க வந்தாள். அம்மாவின் தங்கை. திருச்சியில் பி.ஏ. தத்துவம், கடைசி வருஷம். தாத்தா வீட்டில் இருந்தால் பெண் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள் என்று இங்கே தப்பித்து வந்திருந்தாள். ஒரு தாளில் தோற்றாலும் கல்யாணம் என்று தாத்தா சொல்லிவிட்டார். அந்தத் தாள் பழைய சீனத்துத் தத்துவம். கல்லூரியில் கொடுத்த சைக்ளோஸ்டைல் நோட்ஸ் ஒரு கட்டு வைத்திருந்தாள். நம் வயதுக்காரர்களுக்கு அந்த வாசனை ஞாபகம் இருக்கும், மண்ணெண்ணெயும் மையும் கலந்த மாதிரி. தொட்டால் விரலெல்லாம் கறுப்பாகும். சொரசொரப்பான அந்தத் தாளை இப்போது எங்கேயும் காணோம்.

காலையில் எழுந்ததும் கிணற்றடிப் பூவரச மரத்துக்கும் தொழுவத்துக்கும் இடையில் சின்னம்மா நடக்க ஆரம்பித்துவிடுவாள். நான் துவைகல்லில் உட்கார்ந்து நோட்ஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் பார்க்காமல் சொல்வாள், நான் பார்த்துத் திருத்துவேன். பெயர்கள் எதுவும் வாயில் நுழையவில்லை. அதனால் நானே பெயர் வைத்தேன். சீடர்களோடு வண்டி ஏறி ஊர் ஊராகப் போய், எந்த ராஜாவும் வேலை கொடுக்காமல் திரும்பி வந்தவர் வண்டிக்காரக் கிழவர். மனுஷன் பிறவியில் நல்லவன் என்றவர் கிணற்றுக்காரர். இல்லவே இல்லை, மனுஷன் கோணல் கட்டை, அவனைப் படிப்பால்தான் நிமிர்த்த வேண்டும் என்றவர் கட்டைக்காரர். சொந்தம் அசல் என்று பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே மாதிரி அன்பு வை என்று ஒருவர். சட்டம் போட்டால் போதும், அன்பெல்லாம் எதற்கு என்று சிலர். படிப்பே வேண்டாம், சும்மா இரு என்றும் ஒருவர் இருந்தார். அவரைத்தான் எனக்குப் பிடித்தது. சின்னம்மாவுக்கும் அவரைத்தான் பிடித்தது, ஆனால் அவருக்கு மார்க் குறைவு.

கிணற்றுக்காரருக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். கிணற்றில் விழப்போகிற குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும், அந்தப் பதற்றம்தான் நல்ல குணத்தின் விதை என்பது அவர் கட்சி. சின்னம்மா அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தாள். என்னைக் கிணற்று விளிம்பின் துலாக்கல்லில் ஏற்றி நிறுத்திவிட்டு, "ஐயையோ, விழப் போறா!" என்று கத்தினாள். அம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள். குழம்பு முழுக்க முற்றத்தில் கொட்டியது. சின்னம்மா கை தட்டினாள்.

"பாத்தியா, கிணத்துக்காரர் சொன்னது சரிதான்!"

"அது அம்மா. பக்கத்து வீட்டுக்காரி வந்திருப்பாளா?" என்று கேட்டேன்.

"அந்தக் கேள்விய வேற ஒருத்தர் கேக்குறாரு. எட்டாம் பக்கம்" என்றாள். அகப்பை அவள் முதுகில்தான் விழுந்தது.

இனி கிடா. அது அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட கிடா. கழுத்தில் சிவப்புத் துணி, அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மரச்சிலுவை. திருநாளன்று அதை வெட்டி ஊருக்கே சோறு போடுவார்கள். அதுவரை அது யார் தோட்டத்திலும் மேயலாம், யார் வீட்டு அடுப்படிக்குள்ளும் நுழையலாம். யாரும் கை ஓங்கக் கூடாது. சாயங்காலம் தண்ணீர் காட்டிக் கோயில் பின்னால் கட்டுவது மட்டும் கோயில்பிள்ளையின் வேலை. கோயில்பிள்ளை என்றால் மணியடித்து, மெழுகுவத்தி ஏற்றி, கோயிலுக்குப் பின்னாலுள்ள ஒற்றை அறையில் குடியிருந்தவர். தனியாள். கள் குடிப்பார். குடித்தாலும் மணி மட்டும் தவறாது.

ஒரு நாள் சின்னம்மா சொன்ன கதை என்னைப் பிடித்துக்கொண்டது. ஒருவனுடைய அப்பா ஆட்டைத் திருடிவிட்டார். மகன் போய் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டான். அவன் நேர்மையானவனா?

"ஆமா" என்றேன். ஞானப்பாடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"வண்டிக்காரக் கிழவரு ஒத்துக்கலையே. அப்பனும் பிள்ளையும் ஒருத்தர ஒருத்தர் மறைச்சுக்கிறதுதான் எங்க பக்கத்து நேர்மைங்கிற மாதிரி சொல்றாரு. சட்டக்காரங்க, காட்டிக் குடுக்கணும்ங்குறாங்க."

"அப்ப எது சரி சின்னம்மா?"

"அடுத்த பக்கத்துல இருக்கு. முடிவுரை. இரு, தண்ணி குடிச்சுட்டு வாரேன்" என்று உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். திரும்பி வந்தால் துவைகல்லில் கிடா நின்றுகொண்டிருக்கிறது. வாயில் முடிவுரை. பிடுங்குவதற்குள் விழுங்கிவிட்டது. இன்னும் நாலைந்து பக்கங்களைக் கவ்விக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டது.

சின்னம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நோட்ஸ் வைத்திருந்த இன்னொரு பெண் கறம்பக்குடியில் இருந்தாள். போய் எழுதிக்கொண்டு வர முடியாது, பரீட்சைக்கு நாள் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தெருவில் நின்று, "ஒன்னயக் கொல்லாம விடமாட்டேன், சனியனே! பாரு, நாளைக்கு நீ செத்த!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நேர்ந்துவிட்ட கிடாவைப் பிள்ளை இப்படித் திட்டுகிறதே என்று தெருவே வாயில் கை வைத்தது. ஏர்க்கலப்பையோடு வந்த அப்பா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் விடிந்ததும் தாள் ஏதாவது கீழே கிடக்கிறதா என்று தோட்டத்துக்குப் போய்த் தேடினேன். கிணற்றில் தண்ணீர் வற்றிப்போனதால் தீவனச் சோளம் பாதியில் வாடி நின்றது. அதன் ஓரத்தில் கிழிந்த துண்டு ஒன்று கிடைத்தது. அதில் 'ஆகவே' என்ற ஒரு சொல்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டு போகச் சொன்னாள் அம்மா. வெயிலில் ஒரு குருவியின் சத்தம்கூட இல்லை. வரப்பு திரும்பியதும் பார்த்தேன். அப்பா எதையோ இழுத்துக்கொண்டு போனார். நாலு கால்கள், சிவப்புத் துணி. பனைமரத்துக்குக் கீழே குழி தயாராக இருந்தது. உள்ளே தள்ளி மண்ணை இழுத்து மூடினார். நான் அப்படியே பின்னால் நடந்து, பாதைக்குப் போய் நின்றுகொண்டு, அப்போதுதான் வருகிறவளைப் போல "அப்பா" என்று கூப்பிட்டேன். வெகுநேரம் கை கழுவிவிட்டு வந்து கஞ்சியைக் குடித்தார். நகக்கண்ணில் மண் இருந்தது.

சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏத்தா, காலையில சோளத்துப் பக்கம் போனியா?"

"போனேன்ப்பா."

"யாருகிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்குறேன்" என்றார்.

அப்பா கிடாவைக் கொன்றுவிட்டார், அதை நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, என்னை மிரட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்படித்தான் புரிந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக எதுவும் எனக்குப் புரிந்ததில்லை.

கிடாவைக் காணோம் என்று ஊர் தேடியது. ஏரிக்கரை, கருவேலங்காடு எல்லாம் பார்த்தாகிவிட்டது. பிறகு எல்லோருடைய கண்ணும் கோயில்பிள்ளை மேல் திரும்பியது. வித்துக் குடித்துவிட்டான் என்றார்கள். அவர் அந்தோணியார் மேல் ஆணையிட்டார், யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் கூடும், அதற்குள் கிடா வராவிட்டால் மணிக்கயிற்றையும் அறைச் சாவியையும் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவானது. அவருக்குப் போக்கிடம் கிடையாது. ஞானப்பாடத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் மணிக்கயிற்றுக்குக் கீழே குந்தியிருப்பதைப் பார்த்தேன். எங்களுக்கு உடைந்த அப்பத் துண்டு கொடுக்கிறவர், அந்த வாரம் தலையே நிமிரவில்லை.

சின்னம்மாவிடம்தான் போனேன். "அந்த ஆட்டுக் கதையில, மகன் வாயத் தொறக்காததால வேற ஒரு ஆளு மேல பழி விழுந்தா?"

சின்னம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அடியே! இது நோட்ஸ்லயே இல்லையே. நீ என்னய விட நல்லா யோசிக்கிற."

"எது சரின்னு சொல்லுங்க."

"ரெண்டும் பரீட்சைக்கு வரும். ரெண்டு பக்கமும் எழுதிட்டு, ஆகவேன்னு போட்டு முடிக்கணும்."

"நம்ம ஊருல நடந்தா?"

"நம்ம ஊருல எதுக்குடி அதெல்லாம் நடக்குது?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். ஊரே கிடாவைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. பாவம், அவள் இருந்தது சீனத்தில்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம். மரக்கூண்டின் வலைக்கு அந்தப்பக்கம் சாமியாரின் மூக்குப்பொடி வாசனை.

"சாமி, எங்கப்பா..."

"ஒங்கப்பா பாவத்த ஒங்கப்பா சொல்லுவாரு. நீ ஒன் பாவத்த மட்டும் சொல்லும்மா."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவமா சாமி?"

"யாரக் காப்பாத்த?"

"ரெண்டு பேரு இருக்காங்க சாமி. ஒருத்தரச் சொன்னாத்தான் இன்னொருத்தரு தப்பிப்பாரு."

பொடி டப்பா திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஒரு தும்மல். கடைசியில், "மூணு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லு" என்றார். இந்த அபராதம் சொன்னதற்கா, சொல்லாததற்கா, இனிமேல் சொல்லப்போவதற்கா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மூன்று செபத்தையும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் வெள்ளைக் கவுன் போட்டுப் புதுநன்மை வாங்கினேன். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதுதான் ஞாபகம் இருக்கிறது. பூசை முடிந்தது. புதுநன்மைப் பிள்ளைகளான நாங்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தோம். கோயில்பிள்ளையை நடுவில் நிறுத்தினார்கள். ஊர்த் தலைவர் கடைசியாகக் கேட்டார். "என்னப்பா, உண்மையச் சொல்லப் போறியா, சாவியக் குடுக்கப் போறியா?" கோயில்பிள்ளை மடியிலிருந்து சாவியை எடுத்தார். அது கை தவறிக் கீழே விழுந்தது.

அப்போது நான் எழுந்தேன்.

எதற்கு எழுந்தேன்? இதைத்தான் இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவைச் சொல்லவா? சாவியை எடுத்துக் கொடுக்கவா? ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருந்தது, அதற்காகவும் இருக்கலாம். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"கிடா எந் தோட்டத்துல செத்துச்சு. எங் கையாலதான் செத்துச்சு. நாந்தான் பொதச்சேன். அவர விட்டுருங்க."

இடுப்பு மடியை அவிழ்த்து, கிடாவின் கழுத்தில் கிடந்த அந்த மரச்சிலுவையை எடுத்துத் தரையில் வைத்தார். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று சாமியார் கேட்டதற்கு, "பயந்துட்டேன் சாமி" என்றார். அப்பா பயந்து நான் பார்த்ததே இல்லை.

அபராதமாக வேறு கிடா வளர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். அது பெரிதில்லை. திருநாளில் அந்தோணியார் சப்பரத்தைத் தூக்குவதில் முன்பக்க வலதுதோள் அப்பாவுடையது. தாத்தாவுக்குப் பிறகு அவருக்கு வந்தது. அந்தத் தோளில் காய்ப்புக் காய்த்திருக்கும், நானே தடவிப் பார்த்திருக்கிறேன். நேர்ந்துவிட்ட கிடாவைக் கொன்றவன் இனிமேல் சப்பரத்தைத் தொடக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருநாளிலும் சப்பரம் எங்கள் வாசலைத் தாண்டும்போது அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். எனக்கு வெட்கமாக இருக்கும், அழுகையாகவும் வரும். செய்தது தப்புத்தானே, ஆனாலும் ஒத்துக்கொண்டாரே என்று நானே அவரை மன்னித்துக்கொள்வேன். அதே சமயம் சாமியார்தான் பாவசங்கீர்த்தன ரகசியத்தை உடைத்து அப்பாவிடம் சொல்லிவிட்டார் என்று நினைத்து அவரை மட்டும் மன்னிக்கவில்லை. அந்தச் சாமியார் இறந்தபோது அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை.

சின்னம்மா தேறிவிட்டாள். தேறியும் கல்யாணம்தான். ரொம்ப நாள் கழித்து, "அந்த ஆட்டுக் கதைக்கு முடிவுரையில என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டேன். "எந்த ஆட்டுக் கதை? ஓ, அதா! அந்தக் கேள்வியே வரலடி" என்றாள்.

போன மாதம் அப்பாவைக் கண் காட்டப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். தொண்ணூறை நெருங்குகிறார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். ஒரு ஆடு முன்னங்காலைத் தூக்கித் தூணில் வைத்துக்கொண்டு சுவரொட்டியை உரித்துத் தின்றது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்பா அதையே பார்த்தார்.

"ஏத்தா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கப்பா."

"அந்தக் கிடா விசயத்த நீ சாமியாருகிட்டச் சொல்லி மன்னிப்பு வாங்கிட்டியா?"

"எந்த விசயம்ப்பா?"

"நீ அதுக்குச் சோளப்பயிரு ஒடிச்சுப் போட்டத."

அவர் பேசிக்கொண்டே போனார். சத்தமாகத்தான் பேசுவார், காது கேட்காது. "சின்னப் புள்ள, கோவத்துல செஞ்சுட்ட. வாடுன சோளம் ஆட்டுக்கு வெசம்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்காது. நான் போயிப் பாக்கயில வாயில பயிரோட கெடந்துச்சு. முந்தின நாளுதான் கொல்லுவேன்னு தெருவுல நின்னு கத்துன. வெளிய தெரிஞ்சா சாமி கிடாவக் கொன்னவள்னு காலத்துக்கும் ஒனக்குப் பேராயிரும். அதான் பொதச்சேன்."

நான் பயிர் ஒடிக்கவில்லை. கிடாவைத் தொடக்கூட இல்லை. அது தானாகப் போய் மேய்ந்து செத்திருக்கிறது. நான் அவர் கொன்றதாக நினைத்து அவரை மறைத்தேன், அவர் நான் கொன்றதாக நினைத்து என்னை மறைத்தார். கொல்லாத இரண்டு பேர் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"மறைச்சது தப்புத்தான்" என்றார் அப்பா. "கோயில்பிள்ளை மேல பழி விழுந்தப்பறம் எனக்குச் சோறு எறங்கல. ஆனாலும் வாய் வரல. அன்னைக்கு நீயா எந்திரிச்ச பாரு, நாந்தான் செஞ்சேன்னு சொல்ல. அதப் பாத்தப்பறம் என்னால உக்காந்திருக்க முடியல. அந்த வயசுல யாருக்கு வரும் அந்த மனசு? நான் படிக்கல, ஆனா எம் மக நேர்மையானவள்னு அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு எத்தன சப்பரத்த வேணும்னாலும் விடலாம்."

நீங்கள்தான் தினமும் காலையில் ஞானிகளை அனுப்புகிறீர்களே, அந்த இடத்தில் உட்கார்ந்து நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் இல்லை அப்பா என்றால், அந்தத் தோள் எதற்காகப் போனது? நீங்கள்தான் கொன்றீர்கள் என்று நினைத்தேன் என்றால், அவருடைய நேர்மையான மகள் எங்கே போவாள்? வண்டிக்காரக் கிழவர், கட்டைக்காரர், சட்டக்காரர்கள் எல்லோரையும் நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. அப்பா மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். என் ஆத்துமம் கரையேறியதா என்று தெரியாமல் போய்ச் சேரக் கூடாது என்பது அவர் கவலை.

"சொல்லிட்டேன்ப்பா" என்றேன். "அப்பவே சொல்லிட்டேன். புதுநன்மைக்கு முந்தின நாளே."

"அப்பாடா. சாமியாரு என்ன அபராதம் குடுத்தாரு?"

"மூணு அருள் நிறைந்த மரியே."

"அவ்ளோதானா!" என்று அப்பா பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். கண்ணில் விட்ட மருந்து வழிந்து கன்னத்தில் இறங்கும் வரை சிரித்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, வலது தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எங்கள் பஸ் வந்திருந்தது.